சோற்றைக் குறைத்தோம், தட்டில் என்ன வைத்தோம்?



இந்த மாதப் பாடம் உடல் எடையைப் பற்றியது. "குழுவுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம், கடன் வட்டி பத்திப் பேசுங்கம்மா" என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. எங்கள் ஏழாயிரம்பண்ணைப் பகுதிக் குழுக்களில் உள்கடன் கேட்டு வரும் மனுக்களைப் பாருங்கள். மூட்டு வலி, சர்க்கரை, பிரஷர் என்று ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்பவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். கூட்டத்தில் தரையில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. இதில் நாற்பது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள்.

"சோறே சாப்பிடாதீங்க, ரெண்டு மாசத்துல பத்து கிலோ குறையும்" என்று செல்போனில் வந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு எங்கள் குழுக்களில் சிலர் சோற்றை நிறுத்தினார்கள், சிலர் பாதியாகக் குறைத்தார்கள். சிலருக்குப் பலன் கிடைத்தது, சிலருக்குக் கஷ்டம்தான் மிஞ்சியது. ஏன் இப்படி என்று கூட்டங்களில் பேசினோம், மருத்துவரிடமும் நர்ஸம்மாவிடமும் கேட்டோம். அதையெல்லாம் இங்கே எழுதுகிறோம்.

குண்டும் உண்டு, சோகையும் உண்டு

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையோடு இருந்தார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 31 பேர். அதே 2019-21 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 53 பெண்களுக்கு இரத்தசோகை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நூறு பெண்களில் நாற்பது பேர் குண்டு, ஐம்பத்து மூன்று பேருக்கு இரத்தம் போதாது என்றால், குண்டாகவும் இருந்து சோகையாகவும் இருக்கிற பெண்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. "தின்னு கொழுத்துட்டா" என்று யாராவது சொன்னால் அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் இதற்குக் காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். கரிசக்காட்டில் களை எடுத்து, கம்பு இடித்து, கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்த உடம்பு நம் அப்பத்தாக்களுடையது. நமக்குக் காலையில் வேன் தெருவுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. தீப்பெட்டி ஆபீஸ் ஆனாலும் வெடி ஆபீஸ் ஆனாலும் ஒரே இடத்தில் உட்கார்ந்த வேலை. பீஸ் ரேட்டு என்பதால் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மனசு வராது. உடம்புக்கு அசைவு இல்லை. ஆனால் சாப்பாடு மட்டும் காட்டு வேலைக்குப் போன காலத்துச் சாப்பாடு. அதுவும் கம்பு போய் வெள்ளை அரிசி. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்குக் காசும் கிடையாது. அது ஏழை வீட்டில் பட்டினியைப் போக்கியது, அதைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனாலும் அரிசிக்குக் காசு வேண்டாம், முட்டைக்கும் பயறுக்கும் காசு வேண்டும் என்றால் தட்டில் எது கூடும்?

ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி சாப்பிடுகிற பெண்ணுக்கு அதிலிருந்து மட்டும் 300 கிராமுக்கு மேல் மாவுச்சத்து சேர்கிறது. இதோடு நாலு டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் நாளுக்கு 40 கிராம், மாசத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். டீக்குத் தொட்டுக்கிட ஒரு வடை, கொஞ்சம் சேவு. சாத்தூர் சேவு நமக்குப் பெருமைதான், அதுவும் மாவும் எண்ணெயும்தான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

மாவுச்சத்தைக் குறைத்து எடை குறைப்பது புதுசு இல்லை. லண்டனில் சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் தொழில் பார்த்த வில்லியம் பேன்டிங் என்பவர் 1863-இல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அவர் குனிந்து செருப்பு வாரைக் கட்ட முடியாத அளவுக்குப் பெருத்திருந்தவர். அவருடைய டாக்டர் ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கு, பீர் இவற்றை நிறுத்தச் சொல்ல, ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 21 கிலோ குறைந்தார். 1972-இல் அமெரிக்காவில் அட்கின்ஸ் என்ற டாக்டர் இதையே புத்தகமாக எழுதிப் பிரபலம் ஆக்கினார். தமிழில் பத்து வருஷத்துக்கு முன்னால் 'பேலியோ' என்ற பெயரில் இது பரவியது. நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' என்ற புத்தகம் அதில் முக்கியமானது. அரிசி, கோதுமை, சீனி, பருப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முட்டை, இறைச்சி, மீன், காய்கறி, பாதாம், வெண்ணெய் என்று சாப்பிடும் முறை அது. நிறையத் தமிழர்கள் அதைப் பின்பற்றி எடையைக் குறைத்ததாகச் சொல்கிறார்கள். அதை இல்லை என்று சொல்லமாட்டோம்.

உடம்புக்குள் நடப்பதை நம் சேமிப்புக் கணக்கை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சோறு இரத்தத்தில் சர்க்கரையாக மாறுகிறது. இன்சுலின் அந்தச் சர்க்கரையை எடுத்துச் செலவுக்குக் கொடுக்கிறது, மிஞ்சியதைக் கொழுப்பாகச் சேமிக்கிறது. மூணு வேளையும் மாவு, நடுநடுவே சீனி டீ என்றால் சேமிப்பு போட்டுக்கொண்டே இருக்கிறோம், எடுக்க வேளையே வருவதில்லை. மாவைக் குறைத்தால் உடம்பு சேமித்த கொழுப்பை எடுத்துச் செலவழிக்கிறது. முட்டை, பயறு போன்ற புரத உணவு சேரும்போது பசியும் சீக்கிரம் வருவதில்லை.

ஆனால் முதல் வாரம் குறைகிற ஒன்றிரண்டு கிலோவைப் பார்த்து ஏமாறக்கூடாது. உடம்பு ஒவ்வொரு கிராம் சேமிப்புச் சர்க்கரையோடும் மூணு கிராம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவைக் குறைத்ததும் முதலில் இறங்குவது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். பழையபடி சாப்பிட்டால் மூணே நாளில் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாவுச்சத்தையும் இன்னொரு பிரிவுக்குக் கொழுப்பையும் குறைத்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளிவந்த முடிவில், ஒரு வருஷத்தில் முதல் பிரிவு சராசரியாக 6 கிலோவும் இரண்டாம் பிரிவு 5.3 கிலோவும் குறைந்திருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆக மாவைக் குறைப்பது ஒரு வழி, அது மட்டுமே வழி என்று அடித்துப் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். நம்ம தட்டில் அதிகமாக இருப்பது மாவு என்பதால் நமக்கு அந்த வழி பொருந்துகிறது, அவ்வளவுதான்.

எங்கள் குழுக்களில் நடந்தது

ஒரு மதினி வீடியோவில் சொன்னபடியே ஆரம்பித்தார். காலையில் பாதாம் நூறு, மத்தியானம் காய்கறி, ராத்திரி கறி. பாதாமுக்கு மட்டும் நாளுக்கு நூறு ரூபாய் ஆனது. பதினெட்டு நாள் தாங்கினார். "இதுக்கு ஒரு உள்கடன் போட்டுத் தர்றீங்களா?" என்று அவரே கேட்டுச் சிரித்தார். மூணு கிலோ குறைந்தது, விட்டதும் திரும்ப ஏறியது. அவரிடம் மனஉறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் வருமானத்துக்கு அந்தச் சாப்பாடு கட்டவில்லை.

இன்னொரு அக்கா அரிசியைச் சுத்தமாக விட்டுவிட்டுக் கம்பங்கூழுக்கும் கேப்பைக் களிக்கும் மாறினார். நாலு மாசம் ஆகியும் எடை இறங்கவில்லை. "சிறுதானியம் சாப்பிட்டா குறையும்னு சொன்னாங்களே" என்று அவருக்கு ஒரே வருத்தம். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சோளத்தில் 68, கேப்பையில் 67, கம்பில் 62. கம்பில் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் அரிசியை விடப் பல மடங்கு உண்டு. சோகை இருக்கிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் இரண்டு கும்பா கூழ் குடித்தால் மாவு குறைந்தது எங்கே? சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க 1,21,000 பேருக்கு மேல் கேட்டு 2025-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. நம் நாட்டில் உணவின் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவைக் குறைக்காமல் அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதில்லை. மாவில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் வைத்தால் குறைகிறது.

மூணாவது, கொஞ்சம் பயமுறுத்திய விஷயம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒரு உறுப்பினர் யாரிடமும் சொல்லாமல் சோற்றை நிறுத்தினார், மாத்திரையை நிறுத்தவில்லை. மூணாம் நாள் வேலை நேரத்தில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் சமயோசிதமாகச் சீனித் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்துக்கொண்டார். நாம் வேலை பார்க்கும் இடம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். மருந்து அறையிலோ திரி வைக்கும் இடத்திலோ ஒருத்தி மயங்கி விழுந்தால் அது அவளோடு போகிற ஆபத்தா?

ஆகவே கிளிமிபிரைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லி மருந்து அளவை மாற்றாமல் சோற்றைக் குறைக்கவே கூடாது. சாப்பாடு குறைந்தாலும் மருந்து தன் வேலையைப் பார்க்கும், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. பெயர் 'ஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரைகள் இருக்கின்றன, அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். அதைச் சாப்பிட்டுக்கொண்டு மாவைச் சுத்தமாக நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்து வரலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எடை இறங்கும்போது பிரஷரும் இறங்கி, எழுந்தால் தலை சுற்றும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

யாருக்காவது சர்க்கரை இறங்கி நடுக்கமும் வேர்வையும் வந்தால், நினைவு இருக்கும்போதே மூணு ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 108.

முட்டை யாருக்கு?

இவ்வளவையும் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வயசான உறுப்பினர், இதுவரைக்கும் வாயே திறக்காதவர், சொன்னார்: "சோத்தைக் குறைங்கிறீங்க. எனக்கு மிஞ்சுறது சோறும் குழம்புத் தண்ணியும்தானே தாயி. அதையும் குறைச்சா நான் என்னத்தைத் திங்க?"

கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. அவர் சொன்னதுதான் இந்தப் பாடத்தின் கணக்கு. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் உட்காருவது நாம். மீன் துண்டு வீட்டுக்காரருக்கு, முட்டை பையனுக்கு, பொரியல் மாமனாருக்கு. சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டு, வயிறு நிறைய ஒரு கை சோறு கூட வைத்துக்கொள்வோம். மீந்த சோற்றைக் கொட்ட மனசு வராமல் அதையும் நாமே சாப்பிடுவோம். நம் எடை இப்படிச் சேர்ந்த எடை. காய் இல்லாத தட்டில் சோற்றை மட்டும் குறைத்தால் அதற்குப் பேர் பத்தியம் இல்லை, பட்டினி. முடி கொட்டும், சோகை கூடும், பத்தாம் நாள் பசி தாங்காமல் ஒரு பாக்கெட் பிஸ்கட் காலியாகும்.

அதனால் எங்களில் ஏழு பேர் வேறு மாதிரி ஆரம்பித்தோம். சோற்றைக் கை வைப்பதற்கு முன்னால், காயும் முட்டையும் நம் தட்டுக்கு முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்தோம். சமைத்து இறக்கியதும் நம் பங்குக் கூட்டையும் முட்டையையும் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவது. கேட்கச் சின்ன விஷயம். ஒரு வீட்டில் மாமியார், "இதென்ன புதுப் பழக்கம்?" என்று கேட்டார். "டாக்டர் சொன்னாங்க அத்தை, உங்களுக்கும் ஒண்ணு அவிச்சிருக்கேன்" என்றதும் பேச்சு முடிந்தது. இன்னொரு வீட்டில் இன்னும் முடியவில்லை, அந்த அக்கா குழுக் கூட்டத்துக்கு வரும் வழியில் அவித்த முட்டை வாங்கிச் சாப்பிடுகிறார்.

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 46 கிராம் போலப் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கைப்பிடி பாசிப்பயறில் 7, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7, பாதியாகக் குறைத்த 200 கிராம் அரிசியில் 16. கொஞ்சம் மோரும் பருப்பும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். பாதாம் இல்லாமலேயே! செலவு இருபது, இருபத்தைந்து ரூபாய். வடை, சேவு, இரண்டு டீயை விட்டால் அதில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. நிலக்கடலை நல்லது என்று படி கணக்கில் கொறிக்க வேண்டாம், நூறு கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது.

காலையில் ஐந்து இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் அல்லது பயறு சுண்டலும். வேலைக்குக் கொண்டுபோகிற தூக்குவாளியில் பாதி சோறு, பாதி கீரையோ வெண்டையோ அவரையோ சுரையோ, கூட ஒரு முட்டை. சாயங்காலம் வெள்ளரிக்காய், மோர். சாத்தூர் வெள்ளரி கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு பிஸ்கட் தின்பது நியாயமா? ராத்திரி நாலு தோசை இரண்டாகும், கூட்டு இரண்டு கரண்டி கூடும். காலையில் வெறும் வயிற்றோடு யாரும் வேன் ஏறுவதில்லை என்று கட்டாயமாக வைத்துக்கொண்டோம். வெயில் காலத்தில் மாவு குறைந்தால் உடம்பில் உப்பும் தண்ணீரும் கூடவே குறையும், தலைவலி வரும். பிரஷர் இல்லாதவர்கள் மோரில் உப்புப் போட்டுக் குடிக்கலாம்.

புத்தகக் கணக்குப்படி நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே போனால்தான் அது குறைந்த மாவு உணவு. நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை, சோற்றைப் பாதியாக்கி நிறுத்திக்கொண்டோம். ஆறு மாசத்தில் ஒருவருக்கு ஐந்து கிலோ, மூணு பேருக்கு மூணு கிலோ அளவில் குறைந்தது. இரண்டு பேருக்கு எடை அவ்வளவாக இறங்கவில்லை, ஆனால் இடுப்புச் சுற்று குறைந்து ரவிக்கை தளர்ந்தது. ஒருவர் திருவிழா மாசத்தோடு விட்டுவிட்டார், மறுபடி ஆரம்பிக்கப் போகிறேன் என்கிறார். வீடியோவில் வருகிற பத்து கிலோ யாருக்கும் இல்லை. ஆனால் ஆறு மாசம் கழித்தும் ஆறு பேர் தொடர்கிறோம்.

எடை மிஷின் இல்லாத ஊரில் இஞ்ச் டேப் போதும். தொப்புளை ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இஞ்சுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கச் சேர்க்கப்பட்ட தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால், ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு தடவை அளவு பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

நேற்று உங்கள் வீட்டில் சமைத்த காயில் உங்கள் தட்டுக்கு எத்தனை கரண்டி வந்தது? கடைசியாக எப்போது ஒரு முழு முட்டை சாப்பிட்டீர்கள்? உங்கள் குழுவில் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் கூட வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியுமா? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இஞ்ச் டேப் ஒன்றும், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரை அட்டையையும் கொண்டுவாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் அட்டையில் உள்ள பெயரை மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லட்டும்.